அந்த வளைவு வெறும் அழகுக்கு இல்லை

பழைய மோட்டார் யாட்டுகள் (சொகுசுப் படகுகள்) பார்க்கத்தான் அழகு, அவற்றின் தள வளைவு வெறும் அலங்காரம், புழங்க உதவாது, பராமரிப்புச் செலவும் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். 1930-ல் நீராவி யாட்டாகக் கட்டி, பிற்காலத்தில் டீசலுக்கு மாற்றப்பட்ட ‘நாலின்’ என்ற யாட் சுமார் 91 மீட்டர் நீளம், அகலமோ 11 மீட்டர்தான். அந்த ஒல்லி உடம்பு குறைந்த சக்தியில் தண்ணீரைக் கிழித்துப் போகும். அறைகள் நெருக்கம், பக்கவாட்டில் உருளும் என்பதும் உண்மைதான். ஆனால் முன்னால் உயர்ந்து நடுவில் தாழும் அந்த வளைவு அலையைத் தளத்தில் ஏறவிடாமல் தடுக்க வந்தது. இன்று படகின் மேல் அடுக்குமாடி கட்டுகிறார்கள். காற்றடித்தால் கரையணைக்கும்போது அதுவே கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கிப் படகை இழுக்கும்.

அப்பா மும்பைத் துறைமுகப் பகுதியான மஜ்காவ் பக்கம் படகுகளுக்கு வார்னிஷ் அடித்தவர். மாட்டுங்காவிலிருந்து தூக்குச்சட்டியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு பூச்சு, காயவிட்டு உப்புத்தாளால் தேய்ப்பு, மறுபடி பூச்சு. ஏழெட்டுத் தடவை! ஒருமுறை முதலாளி அவசரப்படுத்த, ஈரம் போகாத தேக்கில் அடித்தார். மறுநாள் பார்த்தால் பால் தெளித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. முழுக்கச் சுரண்டினார், கூலியில்லாமல். மும்பை வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் வருஷாவருஷம் இந்த வேலை உண்டு. பராமரிப்புச் செலவு பற்றி நீங்கள் சொன்னது அதனால் சரி. வளைவைக் குறை சொன்னதைத்தான் தயவுசெய்து திருத்துங்கள்.