டர்போ போட்டால் எஞ்சின் சின்னதாகுமா, பெரிசாகுமா?

நேற்று ராத்திரி ஒரு மணி வரை ஆட்டோமேஷன் என்ற, காரையும் எஞ்சினையும் நாமே வடிவமைக்கும் கணினி விளையாட்டில் ஒரு குட்டி கார் செய்துகொண்டிருந்தேன். நம்ம பெரம்பூர் சந்துகளுக்கு ஏற்ற மாதிரி ஹாட்ச்பேக், குறுக்காக வைத்த நாலு சிலிண்டர், 1.2 லிட்டர், எல்லாம் அழகாக உட்கார்ந்துவிட்டது. சரி, கொஞ்சம் பவர் ஏற்றலாமே என்று டர்போவைச் சேர்த்தேன், அதாவது எக்ஸாஸ்ட் புகையால் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சக்கரம். அவ்வளவுதான், எஞ்சின் பானட்டுக்குள் போகமாட்டேன் என்கிறது.

"டர்போ போட்டா எஞ்சின் சின்னதாகும்னுதானே ஊரே சொல்லுது, இது ஏன் பெரிசாகுது?" என்று வாட்ஸ்அப் குழுவில் புலம்பிய ஆள்தான் நான். யோசித்துப் பார்த்தபின் விளையாட்டின் கட்சிக்கே மாறிவிட்டேன்.

குழப்பம் 'சைஸ்' என்ற சொல்லில் இருக்கிறது. பீரோ வாங்கும்போது உள்ளே எத்தனை புடவை அடுக்கலாம் என்பது ஒரு கணக்கு, அது மாடிப்படித் திருப்பத்தில் ஏறுமா என்பது வேறு கணக்கு. சிசி, அதாவது சிலிண்டர்களின் உள் கொள்ளளவு, முதல் கணக்கு. அதிகக் காற்று போனால் சின்ன சிலிண்டரிலும் அதிக பவர் கிடைப்பதால், டர்போ அதைத்தான் குறைக்க விடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு 1 பார் (அதைத்தான் பூஸ்ட் என்பார்கள்) கொடுத்தால் சிலிண்டருக்குள் போகும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, காற்று சூடாவதால் லாபம் முழுசாக இரண்டு மடங்காக நிற்காது, ஆனாலும் கிட்டத்தட்ட. ஃபார்முலா 1-இல் 1966 முதல் சாதா எஞ்சினுக்கு 3 லிட்டர், காற்றை அமுக்கித் தரும் எஞ்சினுக்கு 1.5 லிட்டர் என்று பாதியாக வைத்தார்கள். அந்த 1.5 லிட்டரில் 1977-இல் ரெனோ டர்போவோடு இறங்கியது, கடைசியில் 1989-இல் டர்போவையே தடை செய்யும் அளவுக்குப் போனது.

இரண்டாவது கணக்கை எனக்குப் புரியவைத்தது பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. பழைய டர்போ ஒன்றைக் கடைக்காரர் கையில் கொடுத்தார். உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, நத்தை ஓடு மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டிருந்தது, விரலால் தள்ளினால் உள்ளே சக்கரம் சத்தமில்லாமல் சுற்றுகிறது. இவ்வளவு சின்னதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றேன். "தம்பி, இது சின்னதுதான், இதோட சொந்தக்காரங்கதான் ஜாஸ்தி" என்றார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், ஆயில் பைப், சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அதுக்குப் போகவர இரண்டு தடித்த ஹோஸ், பக்கத்தில் உள்ளது உருகாமல் இருக்கத் தகரக் கவசம். இத்தனையும் பிளாக்குக்கு, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் உலோகக் கட்டைக்கு, வெளியேதான் தொங்கணும்.

அதனால் அதே 1.2 நாலு சிலிண்டரை அப்படியே வைத்துக்கொண்டு மேலே டர்போ ஒட்டினால் பெட்டி பெருக்கத்தான் செய்யும், அது என் தப்பு. நிஜத்தில் டர்போ கொடுக்கும் பவரை நம்பி முதலில் ஒரு சிலிண்டரையே தூக்கிவிடுகிறார்கள். 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூவைப் பாருங்கள், நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்ததுதான். 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் 83 பிஎஸ் (குதிரைத்திறன்), 1 லிட்டர் மூணு சிலிண்டர் டர்போ 120 பிஎஸ். ஃபோர்டின் 1 லிட்டர் ஈக்கோபூஸ்ட் பிளாக் ஒரு ஏ4 தாளுக்குள் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னார்கள், உண்மைதான், ஆனால் அது வெறும் பிளாக். சொந்தக்காரர்களை யாரும் அந்தத் தாளில் நிற்க வைக்கவில்லை!

சூப்பர்சார்ஜரும் காற்றை அமுக்கித் தருவதுதான், ஆனால் வேறு ஜாதி. எக்ஸாஸ்ட் பக்கமே போகாமல் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றுகிறது, அதற்கான பவரை எஞ்சினிடமே பிடுங்கிக்கொள்கிறது. சிலிண்டர்கள் V எழுத்து மாதிரி இரண்டு வரிசையாக நிற்கும் வி எஞ்சினில் பெரும்பாலும் இரண்டு வரிசைக்கும் நடுவில் மேலே ஏறி உட்காரும், அப்போது அகலம் தப்பும், உயரம் மாட்டும், பானட்டில் புடைப்பு வரும். விளையாட்டில் ரொம்ப நாள் டர்போ மட்டும்தான் இருந்தது, சூப்பர்சார்ஜர் பிற்பாடுதான் சேர்ந்தது. எனக்கு அது வந்ததில் சந்தோஷமே, ஏனென்றால் அகலத்தைக் கொடுப்பதா உயரத்தைக் கொடுப்பதா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வதில்தான் டிசைன் சுகமே இருக்கிறது.

ஒரே ஒரு குறை. விளையாட்டு எஞ்சினை நீளம், அகலம், உயரம் என்று சதுரப் பெட்டியாக அளப்பது கொஞ்சம் கறார். நிஜ ஆட்கள் இண்டு இடுக்கில் திணிப்பதில் மன்னர்கள். 2008-இல் பிஎம்டபிள்யூ தன் 4.4 லிட்டர் வி8-இல் எக்ஸாஸ்ட்டை உள்பக்கமாகத் திருப்பி, இரண்டு டர்போவையும் நடுப்பள்ளத்தில் வைத்துவிட்டது. அகலம் மிச்சம், சூடு முழுக்க நடுவில். அந்த மாதிரி தந்திரத்துக்கெல்லாம் விளையாட்டு இன்னும் தாராளமாக இடம் கொடுக்கலாம்.

கடைசியில் மூணு சிலிண்டராக்கி 1 லிட்டருக்கு இறக்கினேன், நூல் பிடித்த மாதிரி உள்ளே போய்விட்டது. காலையில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் போனில் படத்தைக் காட்டினேன். போன மாதம்தான் என் காரில் கிழிந்த டர்போ ஹோஸ் ஒன்றை மாற்ற முன் பம்பரையே கழட்டிய மனுஷன். விரலால் பெரிசாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, கிளாம்பைக் கழட்டக் கையை எந்தப் பக்கம் விடறது?" என்றார்.