பொன்னாடை போர்த்தத் தெரிந்த எங்களுக்கு ஒரு கடிதம் எழுத முடியாதா?

போன வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிவர அந்தத் தேவாலய மண்டபத்துக்குக் கொஞ்சம் முந்தியே போய்விட்டேன். வயதானவர்கள் முப்பது பேர் அளவில் சாப்பிட்டு முடித்துத் தேத்தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். குசினியில் ஒரு அண்ணை சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுச் சோற்றுப் பானையை உரஞ்சிக்கொண்டு நின்றார். இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்கிறவர். வியாழன் பகலில் இந்தப் பானை. அவருக்குப் பக்கத்தில் ஒரு குஜராத்தி அம்மா, எந்தக் கோப்பைக்குச் சீனி போடக் கூடாது என்று யாரையும் கேட்காமல் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கோப்பை சரியாகச் சீனி இல்லாத பக்கம் இருந்தது. வீட்டில் நானே இரண்டு தரம் மறந்திருக்கிறேன்.

வியாழன்தோறும் வயதானவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் இந்தத் தொண்டர் குழுவின் பெயரைக் 'கிங்ஸ் அவார்ட்'டுக்கு, அதாவது தன்னார்வச் சேவைக்கான அரசரின் விருதுக்கு, அனுப்புவதென்று நான் முடிவெடுத்து மூன்று மாதமாகிறது. இங்கிலாந்தில் இருபது, முப்பது வருடம் இருக்கிற எங்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எலிசபெத் மகாராணியின் பொன்விழாவையொட்டி 2002இல் தொடங்கினார்கள். 2023இலிருந்து அரசரின் பெயரில் கொடுக்கிறார்கள், அறிவிப்பதும் அவர் பிறந்தநாளான நவம்பர் 14இல்தான். தனியாளுக்குக் கொடுக்கும் எம்.பி.ஈ. என்ற அரச பட்டத்துக்குச் சமமான மதிப்பு, ஆனால் முழுக் குழுவுக்கும் சேர்த்து. காசு ஒரு பென்ஸ்கூடக் கிடையாது. அரசர் கையெழுத்திட்ட சான்றிதழ், ஒரு பளிங்குக் கண்ணாடி நினைவுச்சின்னம், குழுவிலிருந்து இருவருக்கு அரச தோட்ட விருந்துக்கு அழைப்பு.

எனக்கு இந்த விருதில் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. குழு தன் பெயரைத் தானே கொடுக்க முடியாது. இந்தியாவின் பத்ம விருதுகளுக்குத் தன்னைத் தானே பரிந்துரைக்கலாம். இங்கே அது நடக்காது. குழுவின் தொண்டர், சம்பளத்துக்கு வேலை செய்பவர், அறங்காவலர் யாருமே எழுதக் கூடாது. வெளியாள்தான் எழுத வேண்டும், அதற்கு ஆதரவாக இன்னும் இரண்டு வெளியாட்கள் கடிதம் கொடுக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், அந்த வெளியாள் யார்? அங்கே சாப்பிடுகிறவர்கள், அவர்களின் பிள்ளைகள், பக்கத்துத் தெருக்காரர், அந்தப் பகுதி மருத்துவர். நாங்கள்தான். பானை உரஞ்சுகிற அண்ணை எப்படியும் தன்னைப் பற்றி எழுதப்போவதில்லை. அவருக்கு விருது கிடைக்காமல் போனால் அது எங்கள் சோம்பலால்தான்.

நாங்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. ஆண்டு விழா வைத்தால் பொன்னாடை, மாலை, ஒரு மணி நேர வாழ்த்துரை எல்லாம் தாராளம். இரண்டு பக்கம் எழுதச் சொன்னால்தான் ஆளைக் காணோம்.

என் கதையும் அதேதான். முதலில் எழுதியதில் 'தன்னலமற்ற', 'அளப்பரிய', 'போற்றுதற்குரிய' என்று சொற்களை அள்ளிக் கொட்டியிருந்தேன். மனைவி வாசித்துவிட்டு, "இது செத்தவீட்டுக் கல்வெட்டு மாதிரியெல்லோ இருக்கு. அவையள் என்ன செய்யினம் எண்டு ஒரு வரிகூட இல்லையே" என்றாள். கோபம் வந்தது. திரும்ப வாசித்தேன். சரிதான்.

பிறகுதான் குழுவை நடத்தும் அக்காவிடம் போய் விபரம் கேட்டேன். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை தொண்டர்கள், எவ்வளவு காலமாக? குறைந்தது மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும், பாதிக்கு மேல் சம்பளமில்லாத தொண்டர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அக்கா ஒன்றும் சொல்லாமல் அலுமாரியிலிருந்து மூன்று கொப்பிகளை எடுத்து வைத்தார். ஒவ்வொரு வியாழனும் திகதி, வந்தவர் தொகை, வராதவர் பெயர். 2020இல் ஊரடங்கு வந்ததும் 'வந்தவர்' என்ற தலைப்பை வெட்டிவிட்டு 'பார்சல்' என்று எழுதியிருந்தார். ஓரத்தில் பொடி எழுத்தில்: "கதவு திறக்கவில்லை. மகளுக்கு ஃபோன். ஆஸ்பத்திரியில்." அடுத்த வாரம் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும்.

என் அளப்பரியவையெல்லாம் அன்றைக்கே குப்பைக்குப் போயின. அந்தக் கொப்பியில் இருந்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

எழுதி அனுப்பியவுடன் கிடைத்துவிடாது. அரசரின் பிரதிநிதியான லோர்ட் லெப்டினன்டின் அலுவலகம் உள்ளூரில் விசாரிக்கும், ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், பிறகு தேசியக் குழு, கடைசியில் அரசரின் ஒப்புதல். இன்னொன்று, சேவை உள்ளூர்ச் சனத்துக்கு நேரே போய்ச் சேர வேண்டும். ஊர்ப் பாடசாலைக்குக் காசு சேர்க்க இங்கே இராப்போசனம் வைக்கும் பழைய மாணவர் சங்கத்தார் தயவுசெய்து என்னைக் கோபிக்க வேண்டாம். உங்கள் வேலை பெரிய வேலைதான், ஆனால் இந்த விருது அதற்கானது இல்லை.

"ராசாவின் கையெழுத்து எங்களுக்கு எதுக்கு? எங்களை ஆண்டுவிட்டுப் போனவர்கள்தானே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2003இல் கவிஞர் பெஞ்சமின் செஃபனாயா ஓ.பி.ஈ. என்ற அரச பட்டத்தை வேண்டாமென்று மறுத்தார், அதன் முழுப் பெயரிலேயே 'பிரித்தானியப் பேரரசு' இருப்பதுதான் அவருக்குக் கசந்தது. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த விருதின் பெயரில் பேரரசு இல்லை, யாருடைய பெயருக்குப் பின்னாலும் எழுத்து ஒட்டப்போவதும் இல்லை. எனக்கு ராசாவைவிட மண்டப வாடகைதான் கவலை. நாளைக்கு வாடகையைக் கூட்டினாலோ, மண்டபத்தை மூடப் பார்த்தாலோ, கவுன்சிலில் போய்க் கதைக்கும்போது அக்காவின் கையில் கொப்பியோடு அந்தச் சான்றிதழும் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். வேண்டாமென்று சொல்லும் உரிமையும் அந்தக் குழுவுக்குத்தான். குழுவுக்கு வெளியே நின்று நாங்கள் அவர்களுக்காக மறுக்க முடியாது.

அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தோட்ட விருந்துக்கு ரெண்டு பேரெண்டால், பானை கழுவுறவரிட்ட கோட் இருக்கோ?" இன்னும் விண்ணப்பமே போகவில்லை, அக்கா.

ஏன் போகவில்லை என்றால், ஆதரவுக் கடிதம் இரண்டில் ஒன்றுதான் கைக்கு வந்திருக்கிறது. மற்றதை "இந்தக் கிழமைக்குள்ள தாறன்" என்று சொன்னவர் இந்தப் பதிவை நிச்சயம் வாசிப்பார். அண்ணை, லைக் போட முதல் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கோ.