ஏரிக்கரையில் எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

ஏரிக்கரையில் வீடு கட்டியவருக்கும் கரையோரம் நடக்க வருபவருக்கும் சண்டை மூளும் இடங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான்: எல்லை எது என்று யாரும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வற்றினால் வேலி பத்தடி முன்னே போகும். ஏரி நிறைந்தால் நடக்கவே இடம் இருக்காது.

இன்றைக்குத் தண்ணீர் நிற்கும் விளிம்பை எல்லையாக எடுக்கவே கூடாது. வழக்கமாக நீர் ஏறி நின்று இறங்கும் உயரத்தைத்தான் எடுக்க வேண்டும். அதன் தடம் கரையிலேயே இருக்கும்: பாறையில் கறை முடியும் இடம், மண் அரித்து மரவேர் வெளியே தெரியும் இடம், கோரை ஓய்ந்து தரைச்செடி தொடங்கும் இடம். குப்பை ஒதுங்கிய வரியை நம்பாதீர்கள். ஒரே ஒரு வெள்ளம் கொண்டுவந்து போட்டதாக இருக்கலாம். ஐந்தாறு இடங்களில் லெவல் கருவி வைத்து உயரம் எடுத்து, அசையாத ஒரு குறியோடு இணைத்துப் பதிந்து வையுங்கள். ஏரி நீர் ஒரே மட்டத்தில் நிற்பதால் அளவுகள் நெருங்கி வர வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அங்கே அலை உயர ஏறுகிறது, அல்லது யாரோ மண் கொட்டியிருக்கிறார்கள்.

ஹூரான் ஏரி வழக்கில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னதும் இப்படி ஒரு எல்லைக்கோட்டை வைத்துத்தான். நிலம் யார் பெயரில் இருந்தாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே மக்கள் நடந்து போகலாம். நடக்கும் உரிமைதான் அது; கூடாரம் போடும் உரிமை அல்ல. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. சுவீடன் இன்னும் கண்டிப்பு: பொதுவாகக் கரையிலிருந்து நிலத்தில் 100 மீட்டர், நீரில் 100 மீட்டர் வரை அனுமதியின்றிப் புதிதாகக் கட்ட முடியாது.

வேலியைவிட எனக்குக் கோபம் வருவது செங்குத்துக் கான்கிரீட் சுவரைப் பார்த்துத்தான். அலை அதில் மோதித் திரும்பும்போது சுவரின் அடிமண்ணை வாரிக்கொண்டு போகும். மக்கள் நடந்த மணல் திட்டு சுவருக்கு முன்னாலேயே கரைந்து ஆழமாகிவிடும். சுவர் முடியும் முனையில் அரிப்பு பக்கத்து மனையைத் தின்னும். அவரும் சுவர் கட்டுவார். கரை முழுக்க இப்படியே போகும். சரிவாகக் கல் அடுக்கி, இடுக்குகளில் நாணல் வைத்தால் அலை ஏறி ஓய்ந்துவிடும்.

கரையோரம் நடைபாதை போட்டால் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம் நியாயமானதே. அதற்கு வழி உண்டு. வீட்டுத் தரையைவிட ஒரு மீட்டராவது தாழ்வாக, ஒன்றரை மீட்டர் அகலத்தில் பாதை வரட்டும். வீட்டுப் பக்கம் இடுப்பளவு புதர் வரிசை. நடப்பவர் கண்ணுக்குப் புதர்தான் தெரியும். வீட்டுக்காரர் அதற்கு மேலாக ஏரியைப் பார்க்கலாம். தனியார் படகுத்துறை பாதையைக் குறுக்கே வெட்டினால் இருபுறமும் படி வைக்கச் சொல்ல வேண்டும்.

கடைசியில் பல இடங்களில் பாதை மூடப்படுவது வண்டி நிறுத்த இடமும் கழிப்பறையும் இல்லாததால்தான். வருகிறவர்கள் வீட்டு வாசலை மறித்து வண்டியை விடுவார்கள், புகார் போகும், மறுமாதம் கதவுக்குப் பூட்டு. இரண்டையும் கட்டி முடித்த பிறகே பாதையைத் திறங்கள்.