தலையை அசைத்தால் நகரும் மணல்

போன வாரம் லேசர் ப்ரொஜெக்டர் உள்ள ஒரு தியேட்டரில் படம் பார்த்தேன். திரை முழுக்கப் பனி மூடிய ஒரு காட்சி. அந்த வெள்ளையின் மேல் பொடி மணலைத் தூவியது போல ஏதோ மினுங்கிக்கொண்டே இருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்தேன், மணலும் நகர்ந்தது. படத்திலேயே பதிந்த பொடிப்புள்ளிகள் (கிரெய்ன்) என்றால் நான் அசைந்ததற்கு அது ஏன் அசைய வேண்டும்?

வெளியே வந்து தியேட்டர்காரர்களிடம் சொன்னேன். "கண்ணை டெஸ்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார்கள். அதுதான் மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. ஏனென்றால் நான் பார்த்தது நிஜம். அதற்குப் பெயர் ஸ்பெக்கிள். லேசரின் ஒளி அலைகள் ஒரே சீராக வருபவை. திரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பட்டுச் சிதறும்போது சில இடங்களில் ஒன்றுகூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகள் நம் விழித்திரையில்தான் உருவாகின்றன. இடது கண்ணுக்குத் தெரிவது வலது கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் லேசராகவே வரும் ப்ரொஜெக்டரில், அதுவும் 3டிக்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீனில், இது அதிகம். திரையை மெல்ல அதிர வைத்தே பெருமளவு குறைத்துவிடலாம்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு முகங்களெல்லாம் ஒரு மாதிரி வேறு சாயலில் தெரிந்தனவாம், எனக்கு இயல்பாகவே இருந்தன. இருவர் சொன்னதும் சரிதான். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளேறி நீலத்தைக் குறைவாக விடும். லேசர் இல்லாத ப்ரொஜெக்டர்களில் எரியும் செனான் விளக்கின் ஒளியில் பல அலைநீளங்கள் கலந்திருப்பதால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. லேசரின் ஒவ்வொரு நிறமும் மிகக் குறுகலான அலைநீள வரம்புக்குள் வருவதால் தெரிந்துவிடுகிறது.

லேசரே வேண்டாம் என்று சொல்லவில்லை. செனான் விளக்கு பழசாக ஆக மங்கும். லேசர் பல ஆயிரம் மணி நேரம் வெளிச்சத்தைப் பிடித்து நிற்கும். 2டி படத்துக்கான தரம் 14 அடி-லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு), 3டியில் அது பல இடங்களில் 4-ஐத் தொட்டாலே அதிகம் என்று இருந்த இருட்டை விரட்டியதில் லேசருக்குப் பெரிய பங்கு உண்டு.

மீட்டரை வைத்துத் திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்துவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுதிவிட வேண்டாம் என்றுதான் தியேட்டர்காரர்களைக் கேட்கிறேன். முழு வெள்ளையைத் திரையில் போட்டு, இருபது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் முன்வரிசையில் உட்கார வைத்து, என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.