பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு யார் வாடகை தருவார்?

"வாடகை என்பது உட்கார்ந்த இடத்தில் வருகிற பணம்" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. பதினோரு ஆண்டுகளாக இரண்டு சின்ன வீடுகளை வாடகைக்கு விட்டு வருகிறேன். இது வேலைதான். தினமும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் கூப்பிட்டால் அன்றே எழுந்து போக வேண்டும். அதை நான் மிகத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் வீட்டில் ஒரு குடும்பம் நான்கு ஆண்டுகள் இருந்தது. சொன்ன தேதிக்கு வாடகை வந்துவிடும். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று அந்த அம்மா மூன்று முறை சொன்னார். "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்" என்று மூன்று முறையும் நான் சொன்னேன். இதற்கு நடுவில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. 10 சதவீதம் ஏற்றிக் கேட்டேன். ஒரு வார்த்தை பேரம் பேசாமல் காலி செய்துவிட்டார்கள்.

வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதவீதம் கூடுதலாக வாங்கி, இழந்த இரண்டு மாத வாடகையை மீட்க 20 மாதம் ஆகும். அதுவும் வெள்ளையடித்த செலவைச் சேர்க்காமல். 5 சதவீதம்தான் ஏற்றினீர்கள் என்றால் 40 மாதம். அதற்குள் அடுத்த குடும்பமும் கிளம்பிவிடலாம். ஒழுங்காக வாடகை தருகிற, வீட்டைத் தன் வீடு போல வைத்திருக்கிற ஒருவரை வாடகை ஏற்றத்துக்காக இழப்பது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது. இதை அடித்துச் சொல்வேன்.

அந்த ஓதம் வந்தது படுக்கையறையிலிருந்து அல்ல. பக்கத்துக் குளியலறையில், தரையில் தண்ணீர் போகும் துளையைச் சுற்றி டைல்ஸ் இணைப்பு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில் முகம் காட்டும். முதல் முறை சொன்னபோதே பார்த்திருந்தால் இணைப்பைப் பூசுவதோடு முடிந்திருக்கும். நான் போனபோது சுவர்ப் பூச்சையே கொத்தி எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். குடியிருப்பவர் மாறும்போது எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொள்வேன். இரண்டு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து, பத்து நிமிடம் பிளஷ் செய்யாமல் விட்டுப் பார்த்தால், கீழே கோப்பையில் நிறம் இறங்குவதை வைத்து அந்தக் கசிவும் தெரிந்துவிடும். அப்புறம், மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சான ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பேன். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் வகை. அது வேலை செய்யாத வீட்டின் சாவியை நான் யாருக்கும் தரமாட்டேன். ப்ளம்பர் இரண்டு பேர், எலக்ட்ரீஷியன் இரண்டு பேர் எண் கையில் இருக்கிறது. ஒருவர் ஊரில் இல்லாத நாளில்தான் குழாய் உடையும்.

அட்வான்ஸ் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அது நம் பணம் அல்ல. தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். குடி வரும் நாளிலேயே அறை அறையாகப் படம் எடுத்து, மீட்டர் எண்களோடு இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால் காலி செய்யும்போது சண்டைக்கு இடமில்லை. வெயிலில் வெளுத்த பெயின்ட் புழக்கத்தால் வந்த தேய்மானம், அது நம் செலவு. உடைந்த வாஷ்பேசின் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கி அட்வான்ஸில் கை வைப்பவர்களை என்னால் மதிக்க முடியவில்லை.

கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஆண்டுக்கு 12 வாடகை என்று எழுதித் தவணை போடாதீர்கள். ஒரு மாதம் காலியாகப் போகலாம், ஒரு மாத வாடகை பழுதுக்கு, இன்னொன்று வரிக்கும் பராமரிப்புக்கும் காப்பீட்டுக்கும். மிஞ்சுவது 9. வீட்டு விலையில் 4 சதவீதம் என்று நினைத்த வருமானம் 3 ஆகிவிடும். இது கடனுக்கான வட்டியைக் கழிப்பதற்கு முன். நான் அந்த மூன்று மாத வாடகையை வந்த கையோடு ஒதுக்கிவிடுகிறேன்.

கடைசியாக, புதிதாக யாரும் குடி வருவதற்கு முன் ஒரு ராத்திரி அந்த வீட்டில் நானே தங்கிவிடுவேன். எந்தக் குழாயில் வேகம் இல்லை, எந்த ஜன்னல் காற்றுக்கு அடித்துக்கொள்கிறது என்று பகலில் சுற்றிப் பார்த்தால் தெரியாது. இரண்டாவது வீட்டில் அறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழவே விழாது என்பது அப்படித்தான் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு குடும்பங்கள் அங்கே இருந்திருக்கின்றன. யாரும் என்னிடம் சொல்லவில்லை. "அடுத்த வாரம்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.