கொடிமலைக்கு மேலே இடமில்லை

வெப்பம் கூடக்கூட பினாங்கின் காட்டுயிர்கள் மெல்ல மலையேறித் தப்பித்துக்கொள்ளும் என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை செல்சியஸ் குளிரும் என்பது உண்மைதான்; ஆனால் நம் தீவின் மிக உயர்ந்த இடமே 833 மீட்டர்தான். வெப்பநிலை 2 பாகை உயருமானால், அதே குளிர்ச்சிக்காக 300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும் நிலையில், இப்போதே பினாங்கு மலை எனப்படும் கொடிமலையின் உச்சியில் மூடுபனியின் ஈரத்தை நம்பி வாழும் பாசிகளும், மரங்களின் மேல் ஒட்டி வளரும் தொற்றுச்செடிகளும் எங்கே போகும்?

பாலிக் புலாவில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய டுரியான் தோட்டம் உண்டு. டுரியான் பூக்கச் சில வாரங்கள் மழையற்ற வறட்சி வேண்டும். பூக்கள் மாலையில் விரிய, இரவில் வௌவால்கள் மகரந்தம் சேர்க்கும். அந்த நாள்களில் பெருமழை பெய்துவிட்டால், விடியற்காலையில் மரத்தடி முழுவதும் வெள்ளை இதழ்கள் உதிர்ந்து சேற்றில் ஒட்டிக் கிடப்பதைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது. மழைக்காலமும் வறட்சியும் முறை மாறினால் காட்டு மரங்களுக்கும் இதே கதிதான்.

பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் முட்டையிடும் பச்சை ஆமைகளையும் கட்டுரை குறிப்பிடவில்லை. மணலின் வெப்பமே குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதால், சுமார் 29 பாகையைத் தாண்டினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பொரியும்.

சதுப்புநிலக் காடுகளோ, கடல்மட்டம் உயரும்போது உள்நோக்கி நகரக்கூடியவை. ஆனால் தீவுக்கு எதிரே பெருநிலத்திலுள்ள செபராங் பிறைக் கரையில் அவற்றின் முதுகுக்குப் பின்னால் சாலைகளும் கரையணைகளும் வயல்களும் நிற்கின்றன.