பெருமை ஒய்க்கு, பழி எக்ஸுக்கு

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மூன்று நாளாக எங்கே திறந்தாலும் அதுதான் ஓடுகிறது. ஒய் குரோமோசோம்தான் வம்சமாம், பெண்ணோடு அது அறுந்துவிடுமாம், அறிவியலே சொல்கிறதாம். பேசிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். கீழே ஒருவர் "பையனுக்கு வரும் குறை மட்டும் அம்மா வழி" என்று எழுத, பேசியவரே வந்து சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ்; ஆணுக்கு அம்மா தரும் ஓர் எக்ஸ், அப்பா தரும் ஓர் ஒய். இவர்களுக்கோ, பையன் பிறந்தால் அப்பாவின் ஒய். அந்தப் பையனுக்கு ஒரு கோளாறு என்றால் அம்மாவின் எக்ஸ். நல்ல கணக்கு ஐயா!

எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு. பள்ளியில் கண் பரிசோதிக்க வந்தவர், புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் போட்ட அட்டையைக் காட்டினார். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் 74 என்றார்கள். நான் 21 என்றேன். நன்றாகப் பார் என்றார். பார்த்தேன், 21தான். வரிசையே சிரித்தது. அதெல்லாம் மறந்துபோச்சு. வீட்டில் ஒரு பெரியவர் அம்மாவைப் பார்த்து "உன் வழியில் வந்த சொத்து" என்றாரே, அது மட்டும் மறக்கவில்லை. அம்மா பதில் பேசவில்லை.

சரி, அம்மா வழிதான். யார் இல்லை என்றது? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியத் தேவையான மரபணுக்கள் எக்ஸில் இருக்கின்றன. எனக்கு இருப்பது ஒரே எக்ஸ், அது பழுதென்றால் பழுதுதான். அம்மாவிடம் இரண்டு, ஒன்றின் பழுதை மற்றது ஈடுகட்டிவிட்டது. அந்தப் பழுது அவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய அப்பாவிடமிருந்து. பச்சை நூல் கேட்டால் பழுப்பு நூலை எடுத்துக் கொடுக்கும் என் தாத்தா. ஓர் ஆண்! என் தம்பிக்கு இன்னொரு எக்ஸின் நல்ல மரபணு விழுந்தது, அவன் அதே அட்டையில் 74 என்கிறான். காசு சுண்டிப் போட்ட மாதிரிதான். இதில் அம்மா செய்த குற்றம் என்ன?

மகள் பிறந்தாலோ, அப்பா கொடுத்த எக்ஸால்தான் பிறக்கிறாள். அதற்கும் பேச்சு வாங்குவது அம்மாதான்.

"ஒய் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போவது உண்மைதானே?" என்று வருவீர்கள். பெரும்பாலும் உண்மை. போகட்டுமே. 20 தலைமுறை பின்னால் எண்ணினால், அந்த ஒரு படியில் மட்டும் உங்கள் முன்னோருக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் இடங்கள். ஒய் வந்தது அதில் ஒரே ஒருவரிடமிருந்து. மற்றவர்களெல்லாம் வழிப்போக்கர்களா? எக்ஸின் நீளம் சுமார் 15.5 கோடி டிஎன்ஏ எழுத்துகள், ஒய்க்கு 6 கோடி போல. மகனுக்கே அம்மா கொடுத்ததுதான் அதிகம். இதையும் அதே அறிவியல்தான் சொல்கிறது, காணொளியில் இதற்கு நேரம் போதவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று. 1905இல் மாவுப்புழுவின் செல்களைப் பார்த்து, ஆணிடம் மட்டும் 20 குரோமோசோம்களில் ஒன்று குட்டியாக இருக்கிறது, ஆணா பெண்ணா என்பது அதை ஒட்டித்தான் என்று எழுதியவர் அமெரிக்க உயிரியலாளர் நெட்டி ஸ்டீவன்ஸ். நீங்கள் மார்தட்டும் ஒய்யைக் கண்டு சொன்னது ஒரு பெண். சிரிப்புப் பொம்மையை இங்கே போடுங்கள்.

"அறிவியலுக்கு நடுவில் ஏன் உணர்ச்சிவசப்படுகிறாய்?" என்கிறார் ஒரு நண்பர். படுகிறேன், அதற்கென்ன? அந்தக் காணொளியை எங்கள் குடும்பக் குழுவில் பகிர்ந்தவர், அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை ஒருமுறை பார்த்திருக்கலாம். அம்மா பார்த்துவிட்டார். கட்டைவிரல் போட்டிருக்கிறார்.